ஐந்து வருடம் ருசி பார்க்காத சோறு

மரக்கரண்டி என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

கரண்டியில் மஞ்சள் சோறு கொஞ்சம், ஒரு அவரைத் துண்டு, நகமளவு முயல் இறைச்சி. அதைப் பிடித்திருந்தவர் விசென்தே என்ற ஸ்பானியப் பெரியவர். அன்றுதான் முதன்முதலாக அவரைப் பார்க்கிறேன். அவருக்குப் பின்னால் என் முதலாளி அந்தோனி நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுப் பாருங்கோ" என்றார் பெரியவர்.

மேசையில் இருந்த எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குசினியில் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேனா இல்லையா என்று அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. பயம் வந்தால் எனக்குப் புத்தி இப்படித்தான் போகும்.

சென்ற கிழமை நான் இங்கே எழுதியதை வாசித்துவிட்டு ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, லண்டனுக்கு வந்து மிச்சம் என்ற இடத்தில் வீடு எடுத்தீர்கள், சரி. என்ன வேலைக்குப் போனீர்கள்?" விம்பிள்டனில் ஒரு ஸ்பானியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனேன், தங்கச்சி. பிறகு அங்கேயே சமையற்காரி ஆனேன். அந்தக் கரண்டி என் வாய்க்கு நேரே வந்த கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

நேர்த்தி

எண்பதுகளின் கடைசி. அம்மாவிடமிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. மூன்று வரிதான் விஷயம். "தம்பி கொழும்புக்கு வெளிக்கிட்டவன். போய்ச் சேர்ந்தானெண்டு ஒரு தகவலும் இல்லை. உனக்கு ஏதும் எழுதினவனோ?"

எனக்கு ஒன்றும் எழுதவில்லை. தம்பி குகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கடிதம் எழுதுவதில் மகா சோம்பேறி. அதனால்தான் முதல் இரண்டு நாள் நான் பெரிதாகப் பயப்படவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ் எடுத்து விம்பிள்டன் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். தம்பி தன் கையால் எழுதிய கடிதம் வரும்வரை மச்சம் வாயில் வைக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து மச்சம் என்றுதான் சொல்வோம். நான் பிறவிச் சைவக்காரி இல்லை. நண்டுக் குழம்பு என்றால் ஓடு தெரியாமல் சாப்பிடுகிற ஆள். பிடிக்காத ஒன்றை விட்டு என்ன நேர்த்தி?

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு அப்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. "உமக்கென்ன விசரே? இந்தக் குளிருக்கை மரக்கறி மட்டும் சாப்பிட்டு எத்தினை நாளைக்குக் கிடக்கப் போறீர்?" என்றார்.

"கடிதம் வருமட்டும்" என்றேன். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்பது என் எண்ணம்.

அந்தக் குளிர்காலம்தான் வேலையும் கிடைத்தது. கடையில் வேலை செய்பவர்களுக்கு இலவசச் சாப்பாடு உண்டு. "எனக்கு இங்கத்தைச் சாப்பாடு ஒத்துவராது" என்று முதல் நாளே சொல்லிவிட்டு என் புட்டுப் பெட்டியைத் திறந்தேன். நேர்த்தி என்று விளக்க எனக்கு அப்போது ஆங்கிலமும் இல்லை, துணிவும் இல்லை.

அந்தோனி

முதலாளியின் முழுப்பெயர் அந்தோனியோ. நான் மனதுக்குள் அந்தோனி என்றே வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் எத்தனை அந்தோனி! நாங்கள் பேசியது ஆங்கிலம். இரண்டு பேருக்கும் அது இரவல். ஆகையால் அவர் சொன்னதையெல்லாம் என் பேச்சிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் நான் சமையலறையைத் தவறிக் "குசினி" என்று சொல்ல, அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஊர்ப்பேச்சிலும் கிட்டத்தட்ட அப்படித்தானாம். பிறகு கதிரை, மேசை, சன்னல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நான் சுத்தத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்த பாதி வீட்டுச் சாமான் கப்பலில் வந்தவை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ரோசம்கூட வந்தது.

கடையின் பெயர் போன சாப்பாடு பயேயா. அகன்ற தட்டைத் தாச்சியில் இறைச்சி, காய், தண்ணீர், அரிசி எல்லாம் ஒன்றாக வேகிற சோறு. ஆனால் அந்தோனி ஸ்பெயினின் வடமேற்கு மூலை. அந்தப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் கடலுணவும்தான். பயேயா தென்கிழக்கே வலென்சியாக்காரரின் சொத்து. அந்தோனிக்குச் சோறே பிடிக்காது. இங்கிலீஷ்காரருக்கு ஸ்பெயின் என்றால் பயேயா, அதனால் விற்றார். போதாததற்கு இரத்த அழுத்தம். உப்பைக் கண்ணால் பார்க்கவும் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

பாக்கோவின் உள்ளங்கை

சமையற்காரன் பாக்கோ திடீரென்று ஊருக்குத் திரும்பப் போனான். புது ஆள் கிடைக்கும்வரை என்று அந்தோனி என்னைத் தாச்சிக்கு முன்னால் நிறுத்தினார். பாக்கோ ஒரு கிழமை காட்டித் தந்தான். அரிசியைக் கழுவாதே. போட்ட பிறகு கிண்டாதே. மூடாதே. அடியில் சடசடவென்று சத்தம் வந்து பிடிக்கவிடு, அதுதான் ருசி. ஒவ்வொன்றும் என் கைப்பழக்கத்துக்கு நேர்மாறு. முதல் கிழமை முழுக்க என் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லலாம்.

உப்புக்கு அவன் அளவு ஒரு உள்ளங்கை. கொதிக்கிற தண்ணீரில், அரிசி போடுமுன். பிறகு திருத்த முடியாது, கிண்டக்கூடாதே.

ருசி பாராமல் சமைக்கிறது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. படையலுக்குச் சமைக்கிற எந்தப் பெண்ணும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. சாமிக்கு முன் நாம் தின்பதா? ஆவி முகத்தில் அடிக்கும்போதே அம்மா உப்புச் சொல்லிவிடுவா. நானும் அப்படித்தான் பொங்கலுக்கும் மோதகத்துக்கும் பழகியவள். தொடுவது கை, உண்பது நாக்கு. நேர்த்தி நாக்குக்கு மட்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்து வீடு வந்ததும் தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் சாமிப்படத்தடிக்குப் போவேன்.

புது ஆள் வரவேயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தோனி குசினிக் கதவால் தலையை நீட்டி, "சரோ, ருசி பார்த்தீங்களோ?" என்பார். "ஓம்" என்பேன். அவருக்கும் "ஓம்" பழகிவிட்டது.

ஐந்து வருடம். அந்த ஒரு சொல்தான் என் பொய். சொல்லச் சொல்லப் பழகும் என்று நினைத்தேன். பழகவில்லை. தபால்காரனின் காலடிக்குக் காது கொடுக்கிற பயம் ஒரு பக்கம், கள்ளம் பிடிபடுகிற பயம் மறு பக்கம். இரண்டும் எனக்குள் ஒன்றாய்க் கலந்துவிட்டன. பொய்யோடு காத்த நேர்த்தியைப் பிள்ளையார் கணக்கில் எடுப்பாரா, அதனால்தான் கடிதம் வரவில்லையா என்றெல்லாம் பஸ்ஸில் இருந்து யோசிப்பேன்.

அப்பிள் கறியும் கணவாய் வளையமும்

இடையில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கீழ்வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தா. நல்ல மனுசி. ஒருநாள் எனக்காகவே "சிலோன் கறி" வைத்து, மரக்கறிதான் என்று சத்தியம் பண்ணிக் கூப்பிட்டா. போனேன். அப்பிள் துண்டு, முந்திரிகை வற்றல், மேலே வாழைப்பழம். "உங்கட ஊரைப் போல இருக்குதா?" என்று ஆவலோடு கேட்டா. நல்லாயிருக்கு என்றேன். படியேறி வந்து என் கணவரிடம் ஒரு மணித்தியாலம் திட்டித் தீர்த்தேன்.

"அந்த மனுசி எங்கட கறியைக் கண்டதா? நீர் மட்டும் ஸ்பெயினைக் கண்டனீரே?" என்று கேட்டார் இவர். எனக்கு ஏறிய கோபம் அப்படியே நின்றுவிட்டது.

நம்மவர்கள் மட்டும் என்ன? மிச்சத்தில் ஒரு வீட்டில் மீன் போட்டு எங்கள் ஊர்க் கூழ் காய்ச்சினார்கள். மீன் சந்தைக்குப் போக நேரமில்லாமல் உறைபனிப் பெட்டியில் இருந்த கணவாய் வளையங்களை ஒருவர் போட்டுவிட்டார். ஊரில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அந்த வளையத்தால் இரண்டு வருடம் முகம் பார்க்கவில்லை. நான் தண்ணீர்க் கோப்பையோடு ஒரு மூலையில் இருந்து பார்த்தேன். வெளியில் இருந்து வருகிறவன் பிழையாகச் சமைத்தால் சிரிக்கலாம். நம் ஆள் பிழைவிட்டால்தான் நெஞ்சு எரியும் போலிருக்கிறது.

சம்பந்தி வருகிறார்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தோனியின் ஒரே மகள் ஒரு பையனை விரும்பினாள். பையன் வலென்சியா. தகப்பனும் தாயும் லண்டன் வந்து பெண் வீட்டாரைப் பார்க்கப் போகிறார்கள். தகப்பன்தான் விசென்தே. ஞாயிறு மத்தியானம் கடையில் விருந்து. என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டதற்கு அவர் சொன்னது ஒரே சொல்: பயேயா.

சம்பந்தி முதன்முதல் வீட்டுக்கு வருகிற பதற்றத்தை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தோனிக்கு இரண்டு கிழமை நித்திரை இல்லை.

"சரோ, என்ரை சமையல் ஆள் பயேயாவிலை கெட்டிக்காரி எண்டு சொல்லிப்போட்டன். அந்தாள் மூண்டு தலைமுறையா இதையே தின்னுற ஆள். பிழைச்சுதெண்டால் என்ரை பிள்ளையின்ரை காரியம்..." அவர் முடிக்கவில்லை.

இறால் வேண்டாம், பட்டாணி வேண்டாம், சொசேஜை அந்தத் தாச்சிக்குக் கிட்டவும் கொண்டுவராதே என்றார். கோழி, முயல், இரண்டு வகை அவரை. இவ்வளவுதான் அவர்களுடைய முறையாம். குங்குமப்பூவுக்குப் பதிலாக நாங்கள் பாவித்த மஞ்சள் நிறப் பவுடர் டப்பாவைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். குங்குமப்பூ வாங்கி வைத்தும், பழக்கமில்லாத சாமான் நிறத்தைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் கடைசியில் பவுடரே போதும் என்று முடிவு செய்தோம். டப்பாவை நான் மா வாளிக்குள் ஒளித்து வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் பயந்தோம். உப்புக்கு மட்டும் பயப்படவில்லை. வழக்கம் போல ஒரு உள்ளங்கை போட்டேன்.

அந்த மேசை

தாச்சியை நானும் அந்தோனியும் இரண்டு பக்கமும் பிடித்து மேசை நடுவில் வைத்தோம். நான் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுக்கத் திரும்ப, பெரியவர் கையைக் காட்டித் தடுத்தார். சட்டைப்பையில் இருந்து ஒரு துணிப்பொதியை எடுத்து அவிழ்த்தார். உள்ளே மரக்கரண்டிகள். அவர்கள் ஊரில் கோப்பை இல்லையாம். எல்லாரும் தாச்சியைச் சுற்றி இருந்து, தன் தன் முன்னால் உள்ள பங்கைத் தன் தன் கரண்டியால் சாப்பிடுவார்களாம். பக்கத்தவன் எல்லைக்குள் கரண்டி போகக்கூடாதாம். எச்சில் என்று எனக்கு உள்ளுக்குள் கூசியது. ஆனால் எல்லை என்ற சொல் பிடித்திருந்தது.

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். பெரியவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். அடியைச் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அந்தோனியிடம் நிறத்தைப் பற்றி என்னவோ கேட்டார். அந்தோனியின் முகம் வெளிறியது. பெரியவர் சிரித்தார். பிறகுதான் எனக்குத் தெரியும், "எங்கட வீட்டிலையும் அந்தப் பவுடர்தான், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாராம்.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரி. உப்பில்லை" என்றார் ஆங்கிலத்தில். "சமைச்சவர் ருசி பாக்கேல்லையோ?"

"ஐயோ, பத்துத்தரம் பார்ப்பா" என்று அந்தோனி என் பொய்யைத் தன் வாயால் சொன்னார். "கூப்பிட்டுக் கேளுங்கோ!"

இப்படித்தான் அந்தக் கரண்டி என் வாய்க்கு நேரே வந்தது. பொதியில் மிஞ்சியிருந்த புதுக் கரண்டி. எனக்கு மரியாதை செய்யத்தான் நீட்டினார்.

ஒரு வாய்தானே. சாப்பிட்டுவிட்டு, "ஓம், உப்புக் குறைவு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றால் முடிந்தது. அந்தோனியின் மானம் தப்பும், என் வேலை தப்பும். இவருக்கு அப்போது பெற்றோல் நிலையத்தில் பாதி நேர வேலைதான். பிள்ளையாருக்கு ஆங்கிலம் தெரியாது என்றுகூட ஒரு கோணல் நினைப்பு வந்தது. ஆனால் இந்த ஒரு வாயால் எங்கேயோ ஒரு இடத்தில் குகனுக்கு ஏதாவது நடந்துவிட்டால்?

"நான் இதை ஒருநாளும் வாயிலை வைச்சதில்லை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னேன்.

"அஞ்சு வருசமாவோ?" என்றார் அந்தோனி.

"ஓம்."

அந்த "ஓம்" அவருக்கு விளங்கியது. கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, கடிதம், கோயில். அந்தோனியின் மகள் அதை ஸ்பானியத்தில் மெதுவாகச் சொன்னாள். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். பெரியவர் நீட்டிய கரண்டியைத் தாழ்த்தினார்.

"தம்பிக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"பத்தொன்பது" என்றேன். பிறகு திருத்தினேன். "இப்ப இருவத்தஞ்சு."

பெரியவர் தன் கதிரையைத் தள்ளி ஒரு இடம் விட்டார். கரண்டி விளிம்பால் தாச்சியின் நடுவிலிருந்து ஓரம்வரை இரண்டு கோடு கீறினார். ஒரு முக்கோணம்.

"இது உங்கட பங்கு. ஒருத்தரும் தொடமாட்டினம்" என்றார். பிறகு உப்பு வாங்கி மற்றப் பக்கமெல்லாம் தூவினார். அந்த முக்கோணத்தில் ஒரு கல் விழவில்லை. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

மிஞ்சிய பங்கு

விருந்தாளிகள் போன பிறகு நானும் அந்தோனியும் தாச்சிக்கு முன்னால் நின்றோம். அந்த முக்கோணம் அப்படியே இருந்தது. ஏச்சு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வெளியிலை பறவையளுக்குப் போடுவமே?" என்றார்.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். கடைக்குப் பின்னால் காகங்கள் வரும். எங்களில் செத்தவர்களுக்குத்தான் காகத்துக்குச் சோறு வைப்போம். தம்பியை நினைத்து ஒதுக்கிய பங்கைக் காகத்துக்கு வைக்க என் கை நீளுமா? குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன்.

அந்தோனி ஒரு கரண்டியை எடுத்தார்.

"நான் சாப்பிட்டால் பிழையில்லைத்தானே? உப்பும் இல்லை, டாக்டரும் ஏசமாட்டார்."

சோறு பிடிக்காத மனுசன் நின்ற நிலையில் அந்த முக்கோணம் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். ஓரத்தில் ஒட்டியதையும் சுரண்டினார்.

பிறகு என் கையை விரிக்கச் சொல்லி அதில் உப்பைக் கொட்டினார். தன் கையிலும் கொட்டினார். பாக்கோவின் கை இன்னும் பெரிது. என் கையில் அடங்கியது அவன் அளவில் பாதிகூட இல்லை. ஐந்து வருடமாக ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "இங்கிலீஷ்காரர் வாயிலை வைக்க முன்னமே உப்புப் போத்தலைத் தூக்குவினம், கண்டனீங்கள்தானே" என்றார்.

வேலை போகவில்லை. திருமணமும் நடந்தது. அடுத்த ஞாயிறு முதல் கொதிக்கிற தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்க அவரே குசினிக்கு வந்தார். உப்புப் போதும் என்பதற்குக் "காணும்" என்ற சொல்லையும் பழகிக்கொண்டார். கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போகும்வரை அவர்தான் என் நாக்கு.

லாச்சியில் உள்ள கரண்டி

பெரியவர் அன்று போகும்போது அந்தப் புதுக் கரண்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கடிதம் வந்த அன்றைக்குத் தேவைப்படும் என்று அந்தோனியின் மகளிடம் சொல்லிவிட்டாராம்.

அதை என் குசினி மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்கள்தானே ஸ்பானியக் கடையில் இருந்தீர்கள், உண்மையான பயேயா எப்படி இருக்கும்?" முறை சொல்லுவேன். ருசி கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று அவர்களுக்கும் தெரியாது.

போன மாதம் என் மகள் ஏதோ கிண்டுவதற்கு அந்தத் துணியை அவிழ்த்துவிட்டாள். ஓடிப்போய்ப் பறித்தேன்.

"அம்மா, ஸ்பூன்தானே?"

"அது குகன் மாமான்ரை கடிதம் வந்தாப் பிறகு."

அவள் லண்டனில் பிறந்தவள். மாமாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"மாமாக்கு இப்ப எத்தினை வயசம்மா?"

"பத்தொன்பது" என்றேன்.

அவள் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. கரண்டியைத் துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்தேன்.